நீலம் ஒட்டிய கல்

கை தட்டியதும் கல்லுக்குள்ளிருந்து ஒரு குருவி பதில் சொன்னது, ஒரே ஒரு கீச்சல், உச்சியில் தொடங்கி வழுக்கிக்கொண்டே கீழே இறங்கும் கீச்சல், அது அடங்குவதற்குள் அடுத்தவர் தட்ட அடுத்த குருவி, அவருக்குப் பின்னால் நின்றவர் தட்ட இன்னொன்று, எங்கேயிருந்து கத்துகிறது என்று உலகம்மாள் நெற்றியில் கை வைத்து அண்ணாந்து பார்க்கிறாள், குருவியும் இல்லை கூடும் இல்லை, ஒன்பது அடுக்காக ஏறிப் போகிற கல் மலைதான் நிற்கிறது, அதன் நடுவில் நெட்டுக்குத்தாகப் படிகள், உச்சியில் ஒரு சின்னக் கல் அறை, அதற்கு மேலே வெயில், நம்மூர்ச் சித்திரை வெயிலை மாசியிலேயே கொண்டுவந்து கொட்டின மாதிரி ஒரு வெயில், மெதுவாட்டி, மெதுவாத் தட்டு, சாமி தவத்துல இருக்காரு, என்று அவள் வாய் தானாகச் சொல்லிவிட்டது, சொன்ன பிறகுதான் பக்கத்தில் பிள்ளை இல்லை என்பது உறைத்தது, பச்சைப் பாவாடை கட்டிய அந்த ஐந்து வயதுப் பிள்ளை நிற்பது இங்கே இல்லை, நெல்லையப்பர் கோயில் பிரகாரத்தில், சண்டிகேஸ்வரர் சன்னிதி முன்னால், இருபத்தைந்து வருஷத்துக்கு அந்தப் பக்கம், எல்லாச் சாமியையும் கும்பிட்டு முடித்து வெளியே போகிறவர்கள் கடைசியாக அவர் முன்னால் நிற்க வேண்டும், சிவனுடைய சொத்துக்கு அவர்தான் காவல், இரண்டு உள்ளங்கையையும் தடவி மெல்லத் தட்டிக் காட்ட வேண்டும், சாமி, உங்க வீட்டுப் பொருள் ஒண்ணும் எங்கிட்ட இல்ல, வெறுங்கையோடதான் போறேன் என்று அதற்கு அர்த்தம், பிள்ளைக்கு என்ன தெரியும், படார் படார் என்று தட்டினாள், பிரகாரம் முழுக்க எதிரொலித்தது, எம்மா, சாமி முழிச்சிட்டாரா, என்று கேட்டாள், நாலு பேர் திரும்பிப் பார்த்ததில் உலகம்மாளுக்கு மானம் போய்விட்டது, தொடையில் நறுக்கென்று ஒரு கிள்ளு, மெதுவாட்டி, பிள்ளை அழவில்லை, உதட்டைப் பிதுக்கிக்கொண்டு மெதுவாக, சத்தமே வராமல், இரண்டு கையையும் ஒட்டி ஒட்டி எடுத்தது, அந்தக் கிள்ளை இப்போது திரும்ப எடுத்துக்கொள்ள முடியுமா, எவ்வளவு தூரம் வந்தாலும் முடியாது.

அத்தை, தண்ணி குடிக்கியளா, என்று பக்கத்தில் கேட்டது மாப்பிள்ளை, மகள் வடிவுக்கரசியின் புருஷன், கோமதிநாயகம், முப்பத்து நாலு வயதுக்குக் காதோரம் இவ்வளவு நரை கூடாது, கழுத்து இவ்வளவு மெலியக் கூடாது, வேண்டாம் மாப்ள, என்று சொல்லிவிட்டுக் கைப்பையை மாரோடு இன்னும் இறுக்கிப் பிடித்துக்கொண்டாள், பெண் பார்க்க வந்த அன்று என்ன வேலை என்று கேட்டதற்கு, கயத்தாறு பொட்டலில் நிற்கிற காற்றாலைகளின் மேலே ஏறி இறங்குகிற வேலை என்று சொன்னான், சொந்தக்காரர்கள் ஒருத்தர் பாக்கியில்லாமல் வடிவைக் காத்தாடிக்காரன் பொண்டாட்டி என்று கேலி பண்ணித் தீர்த்தார்கள், அவளும் விடவில்லை, ஆமா, காத்து அடிச்சாதான் எங்க வீட்டுல அடுப்பெரியும் என்பாள், கல்யாணமான மறுவருஷம் கம்பெனி அவனை மெக்சிகோவுக்கு அனுப்பியது, அங்கேயும் கடலோரமாகக் காற்றாலை நட்டிருக்கிறார்களாம், அமெரிக்காவுக்குக் கீழே இருக்கு அத்தை என்று மேப்பில் விரல் வைத்துக் காட்டினான், கீழன்னா எவ்வளவு கீழ மாப்ள, என்று கேட்டாள் உலகம்மாள், பெண்ணும் மாப்பிள்ளையும் சிரித்த சிரிப்பில் அவளும் சிரித்துவிட்டாள், புருஷன் போன பிறகு அந்த வீட்டில் அப்படி ஒரு சிரிப்புச் சத்தம் கேட்டது அன்றைக்குத்தான், விமானத்தில் ஏறி மூன்று இடத்தில் மாறி வந்தபோதுதான் எவ்வளவு கீழே என்று தெரிந்தது, மகள் இல்லாத பிறகுதான் தெரிந்தது.

இந்த இடத்தை அவள் முதலில் பார்த்தது போனில், ஒரு ஞாயிற்றுக்கிழமை, இங்கே காலை, ஊரில் ராத்திரிச் சாப்பாட்டு நேரம், எம்மா இங்க பாரு, என்று வடிவு போனைத் தூக்கிப் பிடித்தாள், சிச்சேன் இட்சா, மாயா ஆளுகளோட பெரிய கோயில் ஊரும்மா, ஆயிரம் வருஷத்துக்கு மேல ஆச்சு, நாலு பக்கமும் தொண்ணூத்தோரு படி, மேல ஒண்ணு, கூட்டிப் பாரு, வருஷத்துக்கு எத்தனை நாளோ அத்தனை படி, சாமி பேரு குகுல்கான், இறகு முளைச்ச பாம்பு, உலகம்மாளுக்கு இதெல்லாம் ஒரு ஆச்சரியமாகவே படவில்லை, பாம்பு சாமியாக இருப்பதற்கு நாகர்கோவில் வரைக்கும் போனால் போதாதா, எம்மா இதைக் கேளு, என்று போனைப் புருஷன் கையில் கொடுத்துவிட்டு வடிவு கை தட்டினாள், பழைய தட்டுதான், படார், போனுக்குள்ளிருந்து குருவி கத்தியது, கெட்சால்னு ஒரு பச்சைப் பறவை இருக்காம், வால் இந்தா நீளமாம், அதோட சத்தம்தானாம், கல்லு பேசுது பாத்தியா, என்றாள், அப்போதுதான் உலகம்மாள் அந்த வார்த்தையைச் சொன்னாள், யோசித்துச் சொன்னதில்லை, வழக்கமாகச் சொல்வது வாயில் வந்தது, ஏட்டி, கொலுவுக்கு அங்கயிருந்து ஒரு கல்லு எடுத்துட்டு வா.

ஒரு கல்லு எடுத்துட்டு வா, இது அவளுடைய வாடிக்கை, நவராத்திரிக் கொலுவில் படிகளுக்குப் பக்கத்தில் மண் கொட்டிப் பார்க் கட்டுவாள், அதில் ஒரு சின்ன மலை, அந்த மலைக்குக் கல் வெளியூர்களிலிருந்து வர வேண்டும், காசிக்குப் போனவர்கள் கங்கைக்கரைக் கல், ராமேஸ்வரத்துக்குப் போனவர்கள் கடல் கல், பாபநாசத்துக் கல், குற்றாலத்துக் கல், கல்லுக்குக் கீழே ஊர்ப் பேர் எழுதிய சீட்டு, தெருவே வந்து பார்த்துவிட்டுச் சுண்டலும் வாங்கிக்கொண்டு போகும், ஆனால் ஒரு கட்டுப்பாடு வைத்திருந்தாள், ஆற்றில் எடுக்கலாம், கடலில் எடுக்கலாம், கோயில் மதிலுக்கு உள்ளே மட்டும் கூடாது, அது சாமி சொத்து, அந்தப் புரட்டாசியில் வடிவு ஊருக்கு வந்தாள், பெட்டியைத் திறந்ததும் முதலில் எடுத்துக் கொடுத்தது கல்லைத்தான், எலுமிச்சம்பழம் அளவுக்கு, வெள்ளையும் சாம்பலுமாக, ஓட்டை ஓட்டையாக, ஒரு பக்கம் மட்டும் நகத்தால் தீற்றினது போல ஒரு நீலம், என்னட்டி இது நீலம், என்று கேட்டாள், மாயா ஆளுக சுவருக்கெல்லாம் நீலச் சாயம் பூசுவாங்கம்மா, ஆயிரம் வருஷமானாலும் போகாது, என்றாள் வடிவு, எங்கேயிருந்து எடுத்தே, பெரிய படிக்குக் கீழ கிடந்துச்சும்மா, உலகம்மாளுக்குத் திக்கென்றது, உள்ளேயிருந்தா எடுத்தே, கை தட்டினியாட்டி, தட்டினேன்மா, போம்மா, கல்லு எடுத்துட்டு வான்னு நீதான் சொன்னே, தட்டினால் மட்டும் போதுமா, பைக்குள் கல்லை வைத்துக்கொண்டு வெறுங்கை என்று காட்டினால் அது திருட்டுக் கைதட்டல் இல்லையா, இதெல்லாம் அவளுக்குத் தெரியும், நன்றாகவே தெரியும், தெரிந்தும் வைத்தாள், மலையின் உச்சியில் வைத்தாள், ஆயிரம் வருஷத்துச் சாயமாமே என்று தெருவில் எல்லோரும் குனிந்து குனிந்து பார்த்தபோது பெருமை பிடிபடவில்லை, எம் மக கொண்டுவந்தா, மெக்சிகோவுல இருந்து, என்று ஒன்பது நாளும் சொல்லிக்கொண்டிருந்தாள்.

ஐப்பசியில் வடிவு திரும்பிப் போனாள், அடுத்த ஆடியில் செத்துப்போனாள், இடையில் சொல்லிக்கொள்ள ஒன்றுமில்லை, வாரம் நாலு தரம் போன், என்ன சாப்பிட்டே, ரசம் வச்சேன், மழை உண்டா, உண்டு, அப்புறம் ஒரு நாள், எம்மா லேசாக் காய்ச்சல், உடம்பெல்லாம் வலி, நிலவேம்பு இருக்காட்டி, இங்க எங்கம்மா நிலவேம்பு, மூன்றாம் நாள் ஆஸ்பத்திரிக் கட்டிலில் இருந்து கையை மட்டும் ஆட்டினாள், நாலாம் நாள் நாயகம்தான் பேசினான், டெங்கு அத்தை, ரத்தத்துல அணு குறையுது, ஏத்துதாங்க, சரியாயிரும், ஐந்தாம் நாள் போன் அடித்தது, உலகம்மாள் தோசைக்கு மாவைக் கரைத்துக்கொண்டிருந்தாள், மாவுக் கையோடு எடுத்தாள், அத்தை என்றான், அந்த ஒரு வார்த்தையிலேயே அவள் அத்தனையையும் கேட்டுவிட்டாள், முகம் பார்க்கக் கிடைக்கவில்லை, அங்கேயே எரித்து, இருபது நாள் கழித்து ஒரு செம்பில் கொண்டுவந்து கொடுத்தான், பெற்றுச் சீராட்டி வளர்த்த பிள்ளை ஒரு செம்புக்குள் அடங்கும் என்று எந்தத் தாய்க்காவது முன்னாலேயே சொல்கிறார்களா, தாமிரபரணியில் கரைத்துவிட்டு வந்து குளித்தாள், அந்த வருஷம் கொலு வைக்கவில்லை, பரணில் இருந்த பெட்டியை எதற்கோ இறக்கியபோது துணிக்குள்ளிருந்து அந்தக் கல் உருண்டு வந்து அவள் காலடியில் நின்றது, நீலம் மேலே தெரிய நின்றது, அன்றைக்கு அவள் நெஞ்சுக்குள் விழுந்தது அது, சாமி சொத்தை எடுத்தது யார், வடிவு, எடுக்கச் சொன்னது யார், உலகம்மாள், தெரிந்தே உச்சியில் வைத்துப் பெருமை பேசியது யார், உலகம்மாள், கணக்கு நேராகிவிட்டது, ஒருவரிடமும் மூச்சு விடவில்லை, கல்லை மஞ்சள் துணியில் முடிந்தாள், பாஸ்போர்ட் எடுத்தாள், வடிவு இருந்த வீட்டை ஒரு தரம் பாக்கணும் மாப்ள, அவ நின்ன இடத்தைப் பாக்கணும், என்று போனில் கேட்டாள், வாங்கத்தை, என்று அவன் அழுதான்.

நேற்று அந்த வீட்டைப் பார்த்தாயிற்று, மெரிடா என்கிற ஊரில் ஒரு சின்ன ஓட்டு வீடு, வடிவு துவைத்த கல், வடிவு வைத்த கறிவேப்பிலைக் கன்று தொட்டியில் இடுப்பு உயரம் வளர்ந்து நிற்கிறது, பின்பக்கம் நீலப் பெயின்ட் அடித்த ஒரு மரக் கதவு, வெயிலில் சூடேறிக் கிடந்த அந்தக் கதவில் சாய்ந்துகொண்டு வெகு நேரம் நின்றாள், கொல்லையில் தண்ணீர் டிரம் ஒன்று கவிழ்த்து வைத்திருந்தது, நாயகம் அந்தப் பக்கம் திரும்பாமலே நடந்தான், ரசம் வைத்துக் கொடுத்தான், வடிவு வைப்பது போலவே பூண்டு தூக்கலாக இருந்தது, உலகம்மாள் மிச்சம் வைக்காமல் சாப்பிட்டாள், இன்றைக்குக் காலையில் காரில் ஒன்றரை மணி நேரம், வாசலில் பையைச் சோதிக்கிற இடத்தில் மஞ்சள் துணி முடிச்சைத் தொட்டுப் பார்த்துவிட்டு விட்டுவிட்டார்கள், வழியெல்லாம் கடை, பலகை முகமூடிகள், புலி போல உறுமுகிற மண் ஊதல்கள், கூடவே ஒரு வழிகாட்டி அம்மாள், ஃபிலோமேனா, உலகம்மாள் வயதுதான் இருக்கும், வெள்ளைச் சட்டையில் கழுத்தைச் சுற்றிச் சிவப்பும் மஞ்சளுமாகப் பூவேலை, கட்டைக் கூந்தலைக் கொண்டை போட்டிருந்தாள், நாங்க மாயா ஆளுகதான், எங்கயும் போயிரலை, இங்கயேதான் இருக்கோம்னு சொல்லுதாங்க அத்தை, என்று நாயகம் சொன்னான், உலகம்மாள் அவளைப் பார்த்துச் சிரித்தாள், மனசுக்குள், தாயே, உங்க வீட்டுப் பொருள் எங்கிட்ட இருக்கு, என்றாள்.

படிக்குக் கீழே வைத்துவிடலாம் என்பதுதான் வழி நெடுக அவள் போட்ட திட்டம், வைத்துவிட்டுக் கையைத் தட்டிக் காட்டிவிட்டால் முடிந்தது, பிள்ளை திரும்பி வர மாட்டாள், அது தெரியாத பைத்தியம் இல்லை உலகம்மாள், ஆனால் பாவத்தை இறக்கி வைத்துவிட்டுச் சாகலாமே, வந்து பார்த்தால் கல் மலையைச் சுற்றிலும் கயிறு, கிட்டே விடுவதில்லை, படிக்கட்டின் அடியில் வாயைப் பிளந்துகொண்டிருக்கிற இரண்டு பாம்புத் தலைகளையும் தள்ளி நின்றுதான் பார்க்க வேண்டும், காவல்காரன் ஒருவன் ஊதலைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு நடந்துகொண்டே இருக்கிறான், வருஷத்துல ரெண்டு தடவை, பகலும் ராத்திரியும் சமமா இருக்கிற நாள்ல, வெயில் விழுந்து படியோரமா பாம்பு இறங்குத மாதிரி நிழல் வருமாம் அத்தை, என்று நாயகம் சொல்லிக்கொண்டிருந்தது பாதிதான் காதில் விழுந்தது, கயிற்றுக்கும் படிக்கும் நடுவே எத்தனை அடி என்று அளந்துகொண்டிருந்தாள், எறியலாமா, சாமி பொருளை எறிவதா, அதற்குள் ஃபிலோமேனா அவர்களை வடக்கே கூட்டிப்போனாள், மரங்களுக்கு நடுவே ஒரு வெள்ளைப் பாதை, அந்தக் காலத்தில் போட்ட பாதையாம், அதன் முடிவில் பூமி வட்டமாக உடைந்து கீழே போயிருந்தது, கீழே பாசி படர்ந்த பச்சைத் தண்ணீர், அசையாத தண்ணீர், புனிதக் கிணறாம், மழைச் சாமிக்குப் பச்சைக் கல், பொன், என்னென்னவோ போட்டார்களாம், அப்புறம், என்று மொழிபெயர்த்துக்கொண்டே வந்த நாயகம் நின்றுவிட்டான், அப்புறம் என்ன மாப்ள, என்றாள், ஆளுகளையும் போட்டிருக்காங்க அத்தை, பிள்ளைகளோட எலும்பெல்லாம் கிடைச்சிருக்காம், உலகம்மாள் கம்பியைப் பிடித்துக்கொண்டு எட்டிப் பார்த்தாள், எந்தத் தாய் விட்டா, என்று கேட்டாள், நாயகம் அதை மொழிபெயர்க்கவில்லை.

திரும்பி வருகிற வழியில்தான் நடந்தது, வெள்ளைப் பாதையில் முன்னால் போன ஒரு வெளிநாட்டுப் பையன் குனிந்து ஒரு சரளைக் கல்லைப் பொறுக்கப் போனான், ஃபிலோமேனா அவனைச் சத்தம் போட்டு நிறுத்தினாள், அப்புறம் இவர்கள் பக்கம் திரும்பி, தானே ஒரு கல்லை எடுத்து, தன் துணிப்பைக்குள் போடுவது போலக் காட்டி, விரலை ஆட்டினாள், காட்டைக் கை காட்டினாள், வாயைக் குவித்து உஸ் என்று காற்று ஊதினாள், உள்ளங்கையை நெற்றியில் வைத்து உடம்பைக் குலுக்கினாள், பிறகு கல்லை எடுத்த இடத்திலேயே பார்த்து வைத்தாள், என்ன சொல்லுதா மாப்ள, என்றாள் உலகம்மாள், வெயில் ஜாஸ்தி, தண்ணி குடிங்கன்னு சொல்லுதாங்க அத்தை, என்றான் நாயகம், அவனுக்குப் பொய் சொல்ல வராது, மூக்கு வேர்த்துவிடும், காய்ச்சல்னு சொல்லுதா, கல்லை எடுத்தா காய்ச்சல் வரும்னுதான சொல்லுதா, அத்தை, அது இவங்க நம்பிக்கை, இந்த மாதிரி இடத்துல எல்லாம் முழங்கால் உயரத்துக்குக் குட்டி ஆளுக இருப்பாங்களாம், காவலுக்கு, கேக்காம எடுத்தா அவங்க காத்து பட்டுக் காய்ச்சல் வருமாம், அத்தை, அத்தை, என்ன செய்யுது, உலகம்மாள் அந்தப் பாதையோரத்திலேயே உட்கார்ந்துவிட்டாள், உட்கார்ந்தாளா விழுந்தாளா என்று அவளுக்கே தெரியாது, பூமியின் இந்தக் கோடியிலும் ஒரு காவல் இருக்கிறது, ஒருவருக்கொருவர் சொல்லி வைத்தார்களா, இத்தனை நாள் அவளாக நினைத்ததை இப்போது ஊர்க்காரியே வாயால் சொல்லிவிட்டாள், பையைத் திறந்து மஞ்சள் துணியை அவிழ்த்துக் கல்லை இரண்டு கையிலும் ஏந்தி நீட்டினாள், மாப்ள, நான்தான் உங்க பொண்டாட்டியைக் கொன்னுட்டேன், என்றாள், ஒரு கல்லு எடுத்துட்டு வான்னு நான்தான் சொன்னேன், அவ சின்னப் பிள்ளை, எனக்குத் தெரியும்லா, சாமி சொத்துன்னு எனக்குத் தெரியும்லா, தெரிஞ்சும் கொலுவுல வச்சேனே பாவி, எம் பிள்ளையை நானே வாரிக் கொடுத்துட்டேனே, வாயில் முந்தானையைத் திணித்துக்கொண்டும் சத்தம் வெளியே வந்தது, போகிறவர்கள் நின்று பார்த்தார்கள், ஃபிலோமேனா தண்ணீர் பாட்டிலோடு ஓடி வந்தவள் ஒன்றும் புரியாமல் குனிந்து அவள் முதுகைத் தடவினாள்.

நாயகம் கல்லைக் கையில் வாங்கினான், திருப்பிப் பார்த்தான், அவன் முகம் கோணிக்கொண்டு போனது, சிரிக்கப் போகிறானா அழப்போகிறானா என்று தெரியவில்லை, இரண்டும் சேர்ந்து வந்தது, அத்தை, இது நம்ம வீட்டுக் கல்லு, என்றான், மண்ணில் அவள் எதிரே உட்கார்ந்தான், அன்னைக்கு உங்ககிட்ட பேசிட்டு அவ ஒரு கல்லை எடுத்தா, நெசந்தான், பையில போட்டுக்கிட்டு வாசல் வரைக்கும் வந்தா, அங்க வந்ததும் நின்னுட்டா, இருங்க, நான் போய் வச்சிட்டு வாரேன், கல்லை வச்சிக்கிட்டுக் கையைத் தட்டுனா ஏமாத்துன மாதிரில்லா இருக்கும், சண்டிகேஸ்வரரு இங்க இருக்காரோ இல்லியோ, எங்க அம்மா கண்ணு முன்னால வருது, அப்படின்னா, இந்த வெயில்ல திரும்ப நடந்து போய் வச்சிட்டு வந்தா அத்தை, ஊருக்குப் புறப்படுததுக்கு முந்தின நாள்தான் ஞாபகம் வந்துச்சு, ஐயோ அம்மாவுக்குக் கல்லுன்னு, கொல்லைக் கதவுக்குக் கீழ கிடந்ததை எடுத்துக் கழுவி வச்சா, ரெண்டு பேரும் சிரிச்சோம், இந்த நீலம் மாயாச் சாயம் இல்ல அத்தை, கதவுக்குப் பெயின்ட் அடிக்கும்போது நான் சிந்தினது, அங்கயிருந்து எடுத்ததுன்னு உங்ககிட்ட விளையாட்டுக்குச் சொல்லியிருப்பா, எனக்குத் தெரியாது அத்தை, நீங்க இதை வச்சிக்கிட்டு இப்படி வெந்துகிட்டு இருப்பியன்னு எனக்குத் தெரியாது, தெரிஞ்சா அன்னைக்கே சொல்லியிருப்பேன், உலகம்மாள் அந்த நீலத்தைப் பார்த்தாள், நேற்று அவள் சாய்ந்து நின்ற கதவின் நீலம், அச்சு அசல் அதே நீலம், அவ்வளவு நேரம் அதில் சாய்ந்து நின்றும் அவளுக்குத் தோன்றவில்லை.

பாரம் இறங்கி லேசாகியிருப்பாள் என்று நீங்கள் நினைத்தால் உலகம்மாளை உங்களுக்குத் தெரியவில்லை, அவளுக்குக் காலுக்குக் கீழே இருந்த தரை போய்விட்டது, ஏன் சொன்னிய மாப்ள, என்றாள், கோபமாகத்தான் கேட்டாள், இத்தனை மாதமும் ராத்திரி பகலாக அவள் பிடித்துக்கொண்டிருந்தது அந்தக் கல்லைத்தான், எம் பிள்ளை சும்மா சாகவில்லை, ஒரு குற்றம் நடந்தது, அதற்கு ஒரு தண்டனை, செய்தவள் நான், அதில் ஒரு ஒழுங்கு இருந்தது, தன்னைத் தானே திட்டிக்கொள்ளலாம், சாமியிடம் கெஞ்சலாம், இங்கே வரைக்கும் வரலாம், இப்போது என்ன இருக்கிறது, அப்ப எதுக்கு மாப்ள, என்றாள், கல்லை எடுக்கலைன்னா, திருப்பிக் கொண்டுபோய் வச்சான்னா, அப்ப எதுக்குச் செத்தா எம் பிள்ளை, நாயகம் குனிந்தபடியே, கொசு அத்தை, என்றான், கொசு கடிச்சுது, அவ்வளவுதான், கீழே கிடந்த சரளையை விரலால் அளைந்துகொண்டே, அந்தக் கொல்லை டிரம்மை நான்தான் மூடலை, என்றான், மூடி உடைஞ்சு போச்சு, வேற வாங்கிட்டு வாங்கன்னு ரெண்டு மூணு தடவை சொன்னா, நாளைக்கு நாளைக்குன்னு விட்டுட்டேன், மழைத் தண்ணி நின்னுச்சு, அதுலதான் வந்திருக்கும் அத்தை, வேற எதுல வரும், யாருகிட்டயும் சொல்லலை, உங்ககிட்டயும் சொல்லாமத்தான் இருந்தேன், என்று சொல்லி முகத்தை முழங்காலில் வைத்துக்கொண்டான்.

ஒரு நிமிஷம், பொய் சொல்வானேன், ஒரு நிமிஷம் உலகம்மாளுக்கு அது ஆசையாக இருந்தது, கையில் இருந்த கல் போனதும் இன்னொன்று கிடைத்திருக்கிறது, தூக்கி எறிவதற்கு ஆளும் எதிரிலேயே உட்கார்ந்திருக்கிறான், பாவி, ஒரு மூடி வாங்கிப் போட முடியாதா உனக்கு, என்ற வார்த்தை நாக்கு நுனி வரைக்கும் வந்துவிட்டது, அப்போதுதான் அவன் கழுத்தைப் பார்த்தாள், சட்டைக் காலருக்குள் ஆடுகிற அந்த மெலிந்த கழுத்து, அவளுக்குத் தெரியும் அது எதனால் மெலிகிறதென்று, அவளைத் தவிர வேறு யாருக்குத் தெரியும், சோறு வாயில் வைத்தால் மண்ணாக இருப்பதும், விடிகாலையில் விழித்துக்கொண்டு முதலில் ஞாபகம் வருவது அதுவாக இருப்பதும், அவள் கல்லோடு படுத்த மாதிரி இவன் டிரம்மோடு படுத்திருக்கிறான், ஏயா, என்றாள், மாப்ள என்று வாயில் வரவில்லை, ஏயா, தண்ணி பிடிச்சு வைக்காத வீடு உலகத்துல எங்க இருக்கு, நம்ம தெருவுல பாதி டிரம்முக்கு மூடி கிடையாது, எங்க வீட்டுல உண்டா, அவ பிறந்ததுல இருந்து உண்டா, அங்க எல்லாம் கடிக்காத கொசுவா, நிமிரு, நிமிருயா, அவன் நிமிரவில்லை, அவள்தான் நகர்ந்து போய் அவன் தலையைத் தன் தோளில் சாய்த்துக்கொண்டாள், மருமகனைத் தொட்டுப் பேசுகிற வழக்கம் அவர்கள் வீட்டில் இல்லை, இரண்டு பேரும் வாய்விட்டு அழுதார்கள், ஃபிலோமேனா தள்ளிப் போய் ஒரு மரத்தடியில் இவர்களுக்கு முதுகைக் காட்டி நின்றுகொண்டாள், கூட்டம் விலகி விலகிப் போனது.

எழுந்து நடந்தபோது வெயில் சாய ஆரம்பித்திருந்தது, மறுபடியும் அந்தக் கல் மலை, மறுபடியும் கயிறு, தட்டுகிறார்கள், குருவி கத்துகிறது, கல் இப்போது உலகம்மாளின் மடியில் இருந்தது, சேலைக்குள் வைத்து இறுக்கிச் செருகியிருந்தாள், திருப்பிக் கொடுக்க இடமில்லை, இது அவர்கள் சொத்து இல்லை, வடிவு குனிந்து எடுத்துக் கழுவிய கல், வடிவு சிரித்த கல், அதைக் கொலுவில் வைப்பாளோ என்னவோ, சீட்டில் என்ன ஊர்ப் பேர் எழுதுவது, கயிற்றுக்குக் கிட்டே போய், படிக்கு நேராக, வடிவு போனைக் கொடுத்துவிட்டு நின்ற இடமாகத்தான் இருக்க வேண்டும், அங்கே நின்றாள், எங்க நின்னா, இங்கயா, என்று கேட்டாள், கொஞ்சம் இந்தப் பக்கம் அத்தை, என்று நாயகம் காட்டினான், இரண்டு கையையும் விரித்து உள்ளங்கையைப் பார்த்தாள், சாமி, பேரு எனக்குச் சரியா வரலை, எம் மக உங்க பொருளை எடுக்கலை, எடுத்ததையும் கொண்டுவந்து வச்சிட்டா, நானும் ஒண்ணும் எடுத்துட்டுப் போகலை, பாத்துக்கிடுங்க, என்று தட்டினாள், பழக்கத்தில் மெல்லத்தான் தட்டினாள், தடவினது போல, குருவி கத்தவில்லை, பக்கத்தில் நாயகமும் அவளைப் பார்த்து அதே மாதிரி சத்தமில்லாமல் கையை ஒட்டி ஒட்டி எடுத்துக்கொண்டிருந்தான், தொடையில் கிள்ளு வாங்கின பிள்ளை உதட்டைப் பிதுக்கிக்கொண்டு அப்படித்தான் செய்தாள், அதே கை, அதே பயம், உலகம்மாளுக்கு நெஞ்சு வெடித்துவிட்டது, மெதுவாத் தட்டாதயா, என்றாள், சத்தமாத் தட்டு, நம்ம கையில ஒண்ணுமில்லைன்னு தெரியட்டும், முழிக்கட்டும், முழிச்சுப் பாக்கட்டும், என்று சொல்லிக்கொண்டே படார் படார் என்று தட்டினாள், அவனும் தட்டினான், கல்லுக்குள்ளிருந்து குருவி கத்தியது, எல்லோருக்கும் சொன்ன அதே பதிலைத்தான் சொன்னது, கை சிவந்து வலிக்கிற வரைக்கும் இரண்டு பேரும் நின்று தட்டிக்கொண்டிருந்தார்கள்.